‘வெகுளிப் பயனர்’ வேண்டாம், ‘தேரா நம்பிக்கை’ வைப்போம்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

நம் இணைய மோசடிக் கையேட்டில் ‘நைவ் யூசர்’ (naive user) என்பதற்குத் தமிழாக நீங்கள் சொன்ன ‘வெகுளிப் பயனர்’ என்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. குறளில் வெகுளி என்றால் சினம். ‘வெகுளாமை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, பேச்சில் பொருள் மாறி நிலைத்துவிட்டது. என் தடை வேறு.

கடலூர் முதுநகரில் எனக்குத் தெரிந்த மீன்கார அக்கா ஒருவர், கார்டு முடங்கிவிடும் என்று போனில் மிரட்டியவனிடம் ஓடிபியைச் சொல்லிவிட்டார். செவுளைத் தூக்கிப் பார்த்தே வஞ்சிரம் இன்றைக்கு வந்ததா, ஐஸில் கிடந்ததா என்று சொல்பவர் அவர். கடன் கேட்பவரின் பேச்சை வைத்தே பணம் திரும்புமா என்று கணித்துவிடுவார். அவரையா வெகுளி என்பது? அப்பாவி, ஏமாளி, வெள்ளந்தி என எதை எடுத்தாலும் ஆள்மேல்தான் ஒட்டுகிறது. பாண்டியில் பிரெஞ்சு படித்த நீங்களே சொன்னீர்கள், ‘நைவ்’ என்பதன் லத்தீன் வேருக்குப் பிறவியில் அமைந்தது என்று பொருள். பிறவிக் குணம் என்று முத்திரை குத்தினால் யார் வெளியே சொல்வார்கள்? உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்தால் பணம் கைமாறுவதைத் தடுக்க வாய்ப்பு உண்டு. கூச்சத்தில் அந்த நேரம் போய்விடுகிறது.

ஆகவே செயலுக்குப் பெயர் வைப்போம். ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ என்பது 510ஆம் குறள். ஆராயாமல் நம்புவதைத்தான் அங்கே ‘தேரான் தெளிவு’ என்கிறார் வள்ளுவர். தெளிவு என்றால் இன்று வேறு பொருள் தோன்றும். அதனால் ‘தேரா நம்பிக்கை’. ஆளைக் குறிக்கும் இடத்தில் ‘புதுப் பயனர்’ போதும்.

‘தேறாத கேஸ்’ நினைவுக்கு வருமே என்று யாராவது கேட்டால் அது நியாயம். முதல் முறை வரும் இடத்தில் ‘ஆராயாமல் நம்புதல்’ என்று பக்கத்திலேயே எழுதிவிடலாம்.

கணினியைத் தரவுகளிலிருந்து கற்க வைக்கும் இயந்திரக் கற்றலில் வரும் ‘நைவ் பேய்ஸ்’ (Naive Bayes) முறைக்கும் இது பொருந்தும். தரவை வகை பிரிக்கும்போது, ஒரு வகைக்குள் அதன் கூறுகள் ஒன்றையொன்று சாராதவை என்று சோதிக்காமலே வைத்துக்கொள்ளும் முறை அது. ‘தேரா பேய்ஸ்’ எனலாம். மருத்துவத்துக்கு மட்டும் இதை இழுக்க வேண்டாம். குறிப்பிட்ட மருந்தை இதுவரை எடுக்காத நோயாளியைத்தான் அங்கே ‘நைவ்’ என்கிறார்கள். ‘மருந்து காணாதவர்’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

கையேடு அச்சுக்குப் போகுமுன் ‘வெகுளி’ வரும் பக்கங்களைத் திருத்தி அனுப்புகிறேன். ‘புதுப் பயனர்’ பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள் ஐயா.