பாம் பைலட்டில் என்னதான் செய்தார்கள்?

கேள்வி: மொபைல் கம்ப்யூட்டிங் பாடத்தில் பாம் பைலட் என்ற பழைய கையடக்கக் கணினி வருகிறது. இணையம் இல்லாமல் அது எதற்கு? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்களேன்.

பழையகணினி: நான் வைத்திருந்தேன் தம்பி. 1996-இல் வந்தது. முகவரி, நாட்குறிப்பு, செய்யவேண்டிய வேலைகள், அவ்வளவுதான். இரண்டு சின்ன பேட்டரி வாரக்கணக்கில் தாங்கும். எழுதுவதற்கு கிராஃபிட்டி என்று தனி முறை: ஆங்கில 'ஏ'வுக்கு நடுக்கோடு கிடையாது, கூரை மாதிரி ஒரே இழுப்பு. மேசைக் கணினியோடு இணைத்த தாங்கியில் செருகிப் பொத்தானை அழுத்தினால் மேசைக் கணினியில் இருப்பதும் இதில் இருப்பதும் ஒன்றாகிவிடும். அந்தப் பொத்தானைத்தான் நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

வாசகர்2: செய்வதற்கு முன்னால், அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் அதே அளவு மரக்கட்டையைச் சட்டைப்பையில் வைத்துப் பார்த்தாராமே?

பழையகணினி: ஆமாம். 1981-இன் ஆஸ்பார்ன் 1 என்ற தூக்கிச் செல்லும் கணினி சுமார் 11 கிலோ, பிளக்கும் வேண்டும். சட்டைப்பையை அளவாக வைத்தது எவ்வளவு பெரிய மாற்றம், பாருங்கள்!

கேள்வி: சரி, புரிந்தது. நன்றி அண்ணா.