ஃபேட் டெயில் கெக்கோ விரல்ல தோல் ஒட்டிக்கிட்டு நிக்குது, சாப்பிடவும் மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?

புதுப்பல்லி:
எல்லாருக்கும் வணக்கம். ஆப்பிரிக்கன் ஃபேட் டெயில் கெக்கோ (கொழுத்த வால் உள்ள பல்லி வகை) ஒண்ணு வளக்க புதுசா வந்திருக்கு, வளர்ந்த பொண்ணு, 52 கிராம். 2 அடி கண்ணாடி டேங்க், அடியில பேப்பர் டவல், ஒரு ஓரமா ஹீட் மேட், சூட்டுப் பக்கம் ஒரு ஹைட் (பதுங்குற கூடு), குளிர்ச்சிப் பக்கம் ஒரு ஹைட், ஒரு தண்ணி கிண்ணம், அவ்ளோதான் செட்டப். வந்த வாரமே உடம்பு வெளுத்துப் போயி தோல் உரிச்சுச்சு, மத்த இடமெல்லாம் சுத்தமா வந்துடுச்சு, ஆனா முன்கால் விரல் மூணுல மட்டும் மோதிரம் போட்ட மாதிரி வெள்ளையா நிக்குது. கிரிக்கெட் பூச்சி விட்டா ஒரு பார்வை பாத்துட்டு தலைய திருப்பிக்குது. மீட்டர்ல ஹ்யூமிடிட்டி (காத்துல உள்ள ஈரம்) 35% காட்டுது, லெபர்ட் கெக்கோவுக்கு 30-40 போதும்னு போட்டிருந்தாங்க, ரெண்டும் ஒரே குடும்பம்தானேன்னு அதையே வச்சிருக்கேன். ட்வீசர் வச்சு தோலை மெதுவா பிச்சிடலாமா? ஆளு சாதுதான், கையில எடுத்தா அமைதியா இருக்கு.

வால்பெருத்தான்:
பிச்சிடாதீங்க ப்ரோ!! அடியில புதுத்தோல் ரொம்ப மெல்லிசா இருக்கும், காஞ்ச தோலை இழுத்தா அதுவும் சேந்து கிழிஞ்சு வரும், சில சமயம் நகமே வந்துடும். அதுக்காக அப்படியே விட்டுடவும் கூடாது, அந்த வளையம் காய காய இறுகி ரத்த ஓட்டத்த நிறுத்திடும், விரல் நுனி கறுத்து விழுந்துடும், ஒண்ணு ரெண்டு விரல் இல்லாத கெக்கோ நிறைய பாக்குறோமே அதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

காத்து போக ஓட்டை போட்ட ஒரு டப்பால ஈர பேப்பர் டவல் விரிச்சு (வெதுவெதுப்பான தண்ணி, சுடக்கூடாது) 15-20 நிமிஷம் உள்ள விடுங்க. அப்புறம் ஈரமான காட்டன் பட்ஸ விரல் மேல வச்சு நுனிய நோக்கி உருட்டுங்க. வந்தா வரட்டும், வரலேன்னா விட்டுட்டு மறுநாள் திரும்ப. விரல் வீங்கினாலோ நிறம் மாறினாலோ, இல்ல கண் இமைக்கு உள்ள தோல் மாட்டியிருந்தாலோ நீங்க கை வைக்க வேணாம், ஊர்வன பாக்குற வெட் (கால்நடை டாக்டர்) கிட்ட தூக்கிட்டு போயிடுங்க.

அப்புறம் அந்த 35. ஒரே குடும்பம்தான், ரெண்டுக்கும் இமை உண்டு, ரெண்டுக்கும் சுவத்துல ஒட்டுற பாதம் கிடையாது, அதோட சரி. லெபர்ட் கெக்கோ பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட பாறைப் பூமில இருக்கறது. இது மேற்கு ஆப்பிரிக்கா, செனகல்ல இருந்து கேமரூன் வரைக்கும், பகல்ல வளைக்குள்ளயும் இலைச்சருகு அடியிலயும் ஈரம் பாத்து பதுங்குற ஜாதி. 50-70 வேணும் இதுக்கு.

காட்டுவாசி:
சிம்பிள் பாஸ், ஸ்ப்ரே பாட்டில் எடுத்து டேங்க் முழுக்க நாளைக்கு நாலஞ்சு தடவ அடிச்சு விடுங்க, தானா சரியாயிடும்.

இரவுக்காவலன்:
@காட்டுவாசி அப்படி அடிச்சா டேங்க் பூரா சொதசொதன்னு ஆயிடும், காத்தோட்டம் கம்மியா இருந்தா பூஞ்சை வரும், தரை எந்நேரமும் நனைஞ்சு கிடந்தா வயித்துத் தோல் புண்ணாகும், ஈரத்தோட குளிரும் சேந்துச்சுன்னா மூச்சுப் பிரச்சினை வேற. ஈரம் இருக்கணும், ஆனா அது போய் உக்காந்துக்கற மாதிரி ஒரு இடத்துல இருந்தா போதும்.

மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு எடுங்க, பக்கத்துல உடம்பு தாராளமா நுழையற அளவு ஓட்டை போட்டு ஓரத்த தேச்சு விடுங்க, இல்லேன்னா தோலை கீறிடும். உள்ள ஸ்பாக்னம் மாஸ (ஈரம் பிடிச்சு வைக்கற பாசி) நனைச்சு நல்லா பிழிஞ்சு போடுங்க, கையில அழுத்தினா சொட்டக் கூடாது. சூட்டுப் பக்கத்துக்கும் குளிர்ச்சிப் பக்கத்துக்கும் நடுவுல வைங்க. தோல் உரிக்கற சமயத்துல அதுவே தேடிப் போய் உள்ள படுத்துக்கும். மீட்டரோட சென்சார் எங்க இருக்கு? கண்ணாடி மேல உச்சில ஒட்டியிருந்தா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல, தரைக்கிட்ட வைங்க. ஆமா, ஹீட் மேட்ல தெர்மோஸ்டாட் (சூடு அளவு தாண்டாம பாத்துக்கற கருவி) இருக்கா? அத சொல்லவே இல்லயே.

புதுப்பல்லி:
தெர்மோஸ்டாட் இல்லீங்க, கம்மி வாட்ஸ் மேட்தான்னு நேரா பிளக்ல போட்டிருக்கேன். நீங்க கேட்டதும் இன்ஃப்ராரெட் கன் வச்சு சூட்டு ஹைட் உள்ள தரைச் சூட்ட பாத்தேன், 41 டிகிரி காட்டுது. அந்தப் பக்கம் அது போறதே இல்ல, எப்பவும் தண்ணி கிண்ணத்துக்கு பின்னாடிதான் கிடக்கு.

இரவுக்காவலன்:
சாப்பிடாததுக்கு பாதி காரணம் இதுதான். தரைச் சூடு 31-33 டிகிரிக்குள்ள இருக்கணும், 41ல வயிறு வெந்துடும். குளிர்ச்சிப் பக்கம் 24-26. அது வயித்துக்கு அடியில சூடு வாங்கித்தான் செரிக்கும், சூட்டுப் பக்கம் போக முடியலேன்னா பசிக்கவும் பசிக்காது. தெர்மோஸ்டாட் வர்ற வரைக்கும் மேட்ட ஆஃப் பண்ணுங்க, ரெண்டு நாள் சாதாரண ரூம் சூட்டுல ஒண்ணும் ஆகாது. அப்புறம் வயித்த திருப்பி பாருங்க, சிவப்பாவோ கொப்பளமாவோ இருந்தா வெட்.

வால்பெருத்தான்:
மீதி பாதிக்கு என் ஓட்டு: கையில எடுக்கறத நிறுத்துங்க. அமைதியா இருக்குன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தமில்ல ப்ரோ, இந்த வகை பயந்தாலும் அசையாமதான் உக்காரும், ஓவரா போனா வாலையே கழட்டிப் போட்டுடும். விரலுக்கு வைத்தியம் பண்ற நேரம் தவிர தொடாதீங்க. புது இடத்துல ஒரு வாரம் ரெண்டு வாரம் சாப்பிடாம இருக்கறது வளர்ந்த கெக்கோவுக்கு சகஜம், கொழுப்பு வால்லதான் சேத்து வச்சிருக்கு. வாரம் ஒருக்கா கிராம் தராசுல எடை போடுங்க, வாலை மேல இருந்து போட்டோ எடுத்து வைங்க. எடை இறங்கிட்டே போயி வாலும் சுருங்குதுன்னா புது எச்சத்த டெஸ்டுக்கு குடுங்க, அதுலயும் காட்டுல இருந்து பிடிச்சு வந்ததா இருந்தா வயித்துல ஒட்டுண்ணி இருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

தீனி பொழுது சாஞ்சப்புறம் குடுங்க, பூச்சி அதோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல உள்ள அகலத்த தாண்டக் கூடாது, கால்சியம் பவுடர் தூவியே குடுங்க. சாப்பிடாத கிரிக்கெட்ட ராத்திரி உள்ள விட்டு வைக்காதீங்க, அது கெக்கோவ கடிக்கும்.

புதுப்பல்லி:
மேட்ட ஆஃப் பண்ணியாச்சு, வயித்துல சிவப்பு ஒண்ணும் தெரியல. ஈர டப்பால விட்டதுல ரெண்டு விரல் க்ளீனா வந்துடுச்சு, ஒண்ணு இன்னும் அசைய மாட்டேங்குது, நாளைக்கு திரும்ப பாக்கறேன். ஸ்பாக்னம் மாஸ எத்தன நாளைக்கு ஒருக்கா மாத்தணும்?

இரவுக்காவலன்:
காஞ்சா தண்ணி தெளிங்க, நாத்தம் வந்தாலோ உள்ள எச்சம் போட்டாலோ உடனே மாத்துங்க. மத்தபடி ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா மாத்தினா போதும். அந்த மூணாவது விரல அடுத்த உரிப்பு வரைக்கும் தள்ளிப் போடாதீங்க.