சிக்னேச்சரை அணைத்துவிட்டு ஆன்டிவைரஸைச் சோதிப்பது சரியா?

பிட்டுக்காவலன்:
யூடியூபில் ஆன்டிவைரஸ் சோதிக்கும் சிலர் தெரிந்த மால்வேரின் (தீய மென்பொருளின்) அடையாளத்தை, அதாவது சிக்னேச்சரை, வைத்துப் பிடிக்கும் கோப்பு ஸ்கேனை அணைத்துவிடுகிறார்கள். பிறகு ஒரு ஃபோல்டர் நிறைய மால்வேரை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, ஓடும் மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்க்கும் நடத்தைக் கண்காணிப்பு மட்டும் எத்தனையைப் பிடிக்கிறது என்று எண்ணுகிறார்கள். இதுதான் சரியான முறை என்பது என் கட்சி. ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் மால்வேரை எல்லா நிறுவனமும் பிடித்துவிடும். முதல் நாள் வருவதை யார் பிடிப்பார்கள்? 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற மால்வேர் உக்ரைனில் எம்.இ.டாக் என்ற கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகவே உள்ளே வந்தது. நம்பி நிறுவிய மென்பொருளின் அப்டேட்டை யார் சந்தேகப்படுவார்கள்? கோப்புகளைப் பூட்டுகிறது, வட்டின் துவக்கப் பகுதியை மாற்றி எழுதுகிறது என்று அதன் செயலைப் பார்த்துத்தான் நிறுத்த முடியும். அந்தத் திறமையைத் தனியாக அளந்தே ஆக வேண்டும்.

சர்வர்_ராசு:
ஏற்கமாட்டேன் நண்பரே. வாசல் கதவைக் கழற்றி வைத்துவிட்டு நாய் எப்படிக் குரைக்கிறது என்று பார்ப்பது போன்றது இது. இன்றைய பல தயாரிப்புகளில் நடத்தைக் காவல் தனியாக முடிவெடுப்பதில்லை. கோப்பு எங்கிருந்து வந்தது, யார் கையொப்பமிட்டது, உலகில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே எடைபோடுகிறது. ஃபோல்டரில் கொண்டுவந்து கொட்டினால் விண்டோஸ் கோப்பில் குறித்துவைக்கும் ‘இணையத்திலிருந்து வந்தது’ என்ற முத்திரையே இருக்காது. ஆன்டிவைரஸ்களை ஒப்பிட்டுச் சோதிக்கும் ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் அமைப்பு தன் நிஜ உலகச் சோதனையில் தீய இணைய முகவரியிலிருந்தே தொடங்குகிறது. எந்தக் கட்டத்தில் தடுத்தாலும் மதிப்பெண் உண்டு. பயனருக்கு வேண்டியது அதுதானே?

இன்னொன்று: ஆன்டிவைரஸ் இயங்குகிறதா என்று பார்ப்பதற்கான ஐகார் என்ற மாதிரிக் கோப்பைப் போட்டுப் பார்த்து ‘நடத்தைக் காவல் வேலை செய்கிறது’ என்று எழுதுகிறார்கள். அது எந்தத் தீங்கும் செய்யாத 68 எழுத்து. அதில் கண்காணிக்க நடத்தையே கிடையாது.

பிட்டுக்காவலன்:
ஐகார் பற்றிச் சொன்னது சரி. முத்திரை விஷயத்தில் விடமாட்டேன். பென்டிரைவில் வரும் கோப்புக்கு எந்த முத்திரை இருக்கிறது? சுருக்கிய கோப்புகளைப் பிரிக்கும் செவன்-ஸிப் மென்பொருளில் பிரித்தெடுக்கும் கோப்புக்கு அந்த முத்திரையைக் கடத்தும் வசதியே 2022-இல்தான் வந்தது. ஸ்டாப் டிஜேவியு என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மால்வேர்) வீட்டுக் கணினிகளைப் பிடித்தது பெரும்பாலும் கிராக் மென்பொருள், அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி, வழியாக. ‘ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்’ என்று கிராக் போடுபவனே எழுதிவைக்கிறான். கதவு திறந்திருக்கும் வீடுகள் நிஜமாகவே இருக்கின்றன, ராசு.

தணிக்கை_மலர்:
இரண்டு பேரும் பிடித்ததை மட்டும் எண்ணுகிறீர்கள். நல்ல மென்பொருளைப் பிடித்தால் யார் எண்ணுவது? எங்கள் தணிக்கை அலுவலகத்தில் ரிட்டர்ன் தாக்கல் நெருக்கடியில், கணக்கு மென்பொருள் பேக்கப் எடுக்கும்போது ஆன்டிவைரஸ் அதை ரான்சம்வேர் என்று முடக்கிவிட்டது. ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான கோப்புகளைத் திறந்து எழுதுவதுதான் பேக்கப்பின் வேலை, ரான்சம்வேரின் வேலையும் அதேதான். 2022 செப்டம்பரில் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸும் குரோம் பிரவுசரை ‘ஹைவ்’ மால்வேரின் நடத்தை என்று கூவியது. 2023 ஜனவரி 13-இல் டிஃபெண்டரின் நடத்தை விதி ஒன்று பல நிறுவனக் கணினிகளில் ஸ்டார்ட் மெனு ஷார்ட்கட்களை அழித்தது. உங்கள் ஃபோல்டரில் ஒரு நல்ல மென்பொருள்கூடக் கிடையாது, சார். அந்த மதிப்பெண்ணை வைத்து நான் எதையும் வாங்க மாட்டேன்.

பிட்டுக்காவலன்:
மேடம், பொய் எச்சரிக்கை நடத்தைக் காவலுக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. 2010 ஏப்ரலில் மெக்காஃபியின் சிக்னேச்சர் அப்டேட் விண்டோஸ் எக்ஸ்பி இயங்கத் தேவையான எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று எடுத்துவிட்டது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீபூட் ஆகிக்கொண்டிருந்தன. ஆனாலும் நல்ல மென்பொருளையும் சேர்த்து ஓட்ட வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சர்வர்_ராசு:
எண்ணிக்கையிலேயே கோளாறு இருக்கிறது. ‘50-க்கு 47’ என்றால் என்ன பொருள்? நடத்தைக் காவல் மால்வேர் ஓடத் தொடங்கிய பிறகுதான் விழிக்கும். அதற்குள் எத்தனை கோப்புகள் போயின? போனவை மீட்கப்பட்டனவா? 2021-இல் வந்த லாக்ஃபைல் என்ற ரான்சம்வேர் ஒவ்வொரு 16 பைட்டும் விட்டுவிட்டுப் பூட்டியது. பாதிக் கோப்பு அப்படியே இருப்பதால், புள்ளியியல் கணக்கில் அது பூட்டிய கோப்பாகவே தெரியாது. ராபின்ஹுட் என்ற ரான்சம்வேர் இன்னும் மோசம். கிகாபைட் நிறுவனம் கையொப்பமிட்ட பழைய டிரைவரை (வன்பொருளை இயக்கும் மென்பொருளை) ஏற்றி, காவல் மென்பொருளையே கொன்றுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியது. திரையில் எச்சரிக்கைப் பெட்டி வந்ததா என்று மட்டும் பார்த்தால் இதெல்லாம் தெரியவே தெரியாது.

அதோடு, விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் போலிக் கணினி) என்று தெரிந்ததும் சும்மா படுத்துவிடும் மால்வேர் உண்டு. தனக்குக் கட்டளை அனுப்பும் சர்வர் செத்துப்போனதால் ஒன்றும் செய்யாததும் உண்டு. இரண்டையும் ‘தடுத்தது’ என்று எழுதிவிடுகிறார்கள்.

பிட்டுக்காவலன்:
அப்படியானால் இப்படிச் செய்கிறேன். பாதுகாப்பே இல்லாத கணினியில் முதலில் ஓட்டி, உண்மையில் சேதம் செய்யும் மாதிரிகளை மட்டும் வைத்துக்கொள்கிறேன். முதல் சுற்று எல்லா அடுக்கும் இயங்க, இணைய முகவரியிலிருந்து. இரண்டாம் சுற்று நடத்தைக் காவல் மட்டும். ஆவண ஃபோல்டரில் உள்ள கோப்புகளின் ஹேஷ் (கோப்பு மாறினால் தானும் மாறும் அடையாள எண்) முன்னும் பின்னும் எடுத்து, இழந்த கோப்புகளை எண்ணி எழுதுகிறேன்.

தணிக்கை_மலர்:
மாத இறுதி பேக்கப், பிடிஎஃப் மொத்தமாக உருவாக்குவது, எக்செல் மேக்ரோ, இந்த மூன்றும் இரண்டு சுற்றிலும் இருக்கட்டும் சார். எங்கள் அலுவலகத்தில் எப்படிச் செய்கிறோம் என்று படிப்படியாக எழுதித் தருகிறேன்.

சர்வர்_ராசு:
இரண்டாம் சுற்றின் மதிப்பெண்ணை முதலாவதோடு கூட்டாதீர்கள், தனி அட்டவணையாகப் போடுங்கள். அதை வைத்துத் தயாரிப்புகளுக்கு முதலிடம், இரண்டாமிடம் தருவதை நான் இப்போதும் எதிர்க்கிறேன். ஆன்டிவைரஸ் தன் நிறுவன சர்வரிடம் கேட்கும் கிளவுட் சரிபார்ப்புக்கு இணையம் வேண்டியிருக்கும். ஆனால் சோதனைக் கணினியை வீட்டு வைஃபையில் சேர்க்காதீர்கள், தனி இணைப்பு போடுங்கள். மற்றக் கணினியோடு பகிரும் ஷேர்டு ஃபோல்டரையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.