பெருமழையால் நின்ற வேலைக்குத் தாமத இழப்பீடு பிடித்துக்கொள்ளலாமா?

ஏரல் கட்டுநர்:

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடி மாவட்டம் ஏரலுக்கு அருகில் ஒரு தனியார் நிறுவனத்துக்குச் சேமிப்புக் கிடங்கு கட்டித் தரும் ஒப்பந்தத்தை எடுத்திருந்தேன். 2024 ஜனவரி 31-க்குள் முடித்திருக்க வேண்டிய வேலை. தூண்கள் எழும்பி, தரைக்குக் கிராவல் நிரப்பிக்கொண்டிருந்த வேளையில், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு, நிரப்பிய மண்ணை அரித்துக்கொண்டு போய்விட்டது. நீர் வடிந்து, சேறு அள்ளி, ஆட்கள் திரும்பி, ஜனவரி 23 அன்றுதான் வேலையை மறுபடி தொடங்க முடிந்தது. மழைக்கு முன்பே கம்பி வரத்து தாமதமானதால் 12 நாட்கள் பின்தங்கியிருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மார்ச் 20 அன்று முடித்துக் கொடுத்தேன். மொத்தம் 49 நாள் தாமதம்.

தாமத இழப்பீடாக வாரத்துக்கு அரை சதவீதம் என்ற கணக்கில் இறுதிப் பில்லில் மூன்றரை சதவீதத்தைப் பிடித்துவிட்டார்கள். "வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருவதுதானே, அதை எதிர்பார்த்துத்தானே விலை கொடுத்தீர்கள்" என்கிறார்கள். இயற்கைச் சீற்றத்தால் தாமதம் நேர்ந்தால் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்துக் காலநீட்டிப்புப் பெறலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. தொலைபேசித் தொடர்பு திரும்பிய டிசம்பர் 20 அன்று, அவர்களுடைய பொறியாளருக்கு வாட்ஸப்பில் படங்களையும் செய்தியையும் அனுப்பினேன்; கடிதமாக ஜனவரி 2 அன்றுதான் கொடுத்தேன். கான்கிரீட் வார்க்க வாடகைக்கு எடுத்துச் சும்மா கிடந்த பலகைகளுக்கும் வேலை நின்ற நாட்களில் நான் கொடுத்த கூலிக்கும் ஏதாவது கேட்க முடியுமா?

மழைமானி:

ஐயா, பொதுப்பணித் துறையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அவர்கள் சொல்வதில் பாதி சரி. டிசம்பரில் மழை பெய்யும் என்பது எந்த ஒப்பந்ததாரரும் வேலை அட்டவணையிலேயே இடம் விட்டு வைக்க வேண்டிய ஒன்று. அதற்குக் காலநீட்டிப்புக் கேட்பது நியாயமாகாது. ஆனால் நீங்கள் சொல்லும் மழையில் 24 மணி நேரத்தில் உங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் பதிவானது ஏறத்தாழ 95 செ.மீ. உங்கள் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். 20.45 செ.மீ.-ஐ எட்டினாலே அதிகனமழை என்று வகைப்படுத்துகிறது இந்திய வானிலை ஆய்வுத் துறை. இதைப் "பருவமழை" என்ற ஒரே சொல்லுக்குள் அடக்குவது முறையன்று.

மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது நிபந்தனைகள் வழக்கத்துக்கு மாறான மோசமான வானிலையையே காரணமாக ஏற்கின்றன. எது வழக்கம் என்பதற்கு அங்கே எண் இல்லை, அதனால்தான் சண்டை வருகிறது. பிரிட்டனில் புழங்கும் என்.இ.சி. என்ற மாதிரிக் கட்டுமான ஒப்பந்தம் இதில் எனக்குப் பிடித்தமானது: ஒரு மாதத்தில் பதிவான மழை அளவு, பழைய பதிவுகளின்படி சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒரு முறைக்கும் குறைவாகவே நிகழக்கூடியது என்றால், அது ஒப்பந்ததாரரின் பொறுப்பைத் தாண்டியது. உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி இல்லாவிட்டாலும் வாதத்தை அதே வழியில் அமையுங்கள். அருகிலுள்ள மழைமானி நிலையத்தின் பத்தாண்டு டிசம்பர் பதிவுகளை வானிலை ஆய்வுத் துறையிடம் முறைப்படி விண்ணப்பித்துப் பெறுங்கள்.

மழை இரண்டு நாள்தானே என்பார்கள். பாதிப்பின் கணக்கு மழை நின்றதோடு முடிவதில்லை. நீர் இறைத்தது, மண்ணை மறுபடி இறுக்கியது, சாலை துண்டித்துக் கிடந்தது ஆகிய ஒவ்வொன்றுக்கும் நாள்வாரியாகத் தள நாட்குறிப்பைக் காட்டுங்கள். ஆனால் பொங்கல் விடுமுறை மூன்று நாளையும் மழைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மழை இல்லாவிட்டாலும் அந்த நாட்களில் வேலை நடந்திருக்காது. முதல் 12 நாளும் உங்களுடையதே. இவற்றை நீங்களே கழித்துக்கொண்டு 34 நாள் கேட்டால், கேட்பவர் உங்களை நம்புவார்.

மதுரை வழக்கறிஞர்:

அறிவிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், உங்கள் கோரிக்கையின் மெலிந்த இடம் அதுதான். பன்னாட்டுத் திட்டங்களில் பயன்படும் ஃபிடிக் என்ற மாதிரி ஒப்பந்தத்தில் 28 நாட்கள், மத்தியப் பொதுப்பணித் துறையில் 14 நாட்கள் என்று கெடு இருக்க, உங்களுக்கு ஏழே நாள் கொடுத்திருக்கிறார்கள். வாட்ஸப் செய்தி அந்தக் கெடுவுக்குள் போயிருக்கிறது. அதில் "வேலை நின்றுவிட்டது, கால அவகாசம் வேண்டும்" என்ற பொருள்படும் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்; வெறும் படங்கள் என்றால் வாதம் இளைத்துவிடும். அந்தத் தொலைபேசியை மாற்றவோ செய்திகளை அழிக்கவோ வேண்டாம். இப்போதைய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். கெடு தவறினால் உரிமையே அழிந்துவிடும் என்று ஒப்பந்தம் சொல்லுமானால், ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவைக் காட்டி எதிர்வாதம் செய்யவும் இடமுண்டு.

இன்னொன்று: ஜனவரி 31 கடந்த பிறகும் உங்களை வேலை செய்யவிட்டு, கிடங்கை ஏற்றுக்கொண்டார்கள் அல்லவா? ஏற்கும்போது இழப்பீடு கோரும் எண்ணத்தை அவர்கள் தெரிவித்திருக்க வேண்டும் என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. அப்படியொரு கடிதம் வந்ததா? தவிர, 74-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும். இழப்பே நேராத இடத்தில் இழப்பீடு இல்லை என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பள்ளிக்கரணை:

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வருத்தத்தோடு சொல்கிறேன், பெரும்பாலான ஒப்பந்தங்களில் வானிலைக்கு நாள் கிடைக்கும், காசு கிடைக்காது. ஃபிடிக்கிலும் அப்படித்தான். இரு தரப்பும் காரணமில்லாத ஒன்றில் அவரவர் நட்டம் அவரவருக்கு என்பது அதன் அடிப்படை. ஆகவே நின்ற கூலியையும் வாடகையையும் முன்வைத்து மூன்றரை சதவீதக் கோரிக்கையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அரித்துப்போன கிராவலை மறுபடி நிரப்பிய செலவு வேறு. கட்டுமான வேலைக்கென உள்ள "ஒப்பந்ததாரர் அனைத்து இடர்க் காப்பீடு" எடுத்திருந்தால் வெள்ளச் சேதம் அதில் வரும், தாமத இழப்பீடு வராது.

ஏரல் கட்டுநர்:

மூவருக்கும் நன்றி. டிசம்பர் 20 செய்தியில் "தண்ணீர் வடியும்வரை வேலை நடக்காது, தேதி தள்ளிப்போகும்" என்று எழுதியிருக்கிறேன். அவர்களுடைய பொறியாளர் "சரி" என்று பதில் தந்திருக்கிறார். இழப்பீடு கோருவதாக மார்ச் மாதம்வரை எந்தக் கடிதமும் வரவில்லை. மீதித் தொகையைத் தர வேண்டுமானால் "இனிக் கோரிக்கை ஏதுமில்லை" என்று கையெழுத்துக் கேட்கிறார்கள்.

மதுரை வழக்கறிஞர்:

அந்த வாசகத்தில் கையெழுத்திட வேண்டாம். பிடித்தம் செய்த தொகையைப் பொறுத்த என் உரிமைக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள். மறுத்தால், மறுத்ததை அன்றைக்கே மின்னஞ்சலில் பதிவு செய்து, அந்தப் பொறியாளரின் "சரி" என்ற பதிலையும் இணைத்து அனுப்புங்கள்.