மெனோபாஸ் வேர்வை: ஹார்மோன் மருந்து எடுக்கலாமா? மூன்று டாக்டர், மூன்று பதில்

கணக்குடீச்சர், பாளையங்கோட்டை

எனக்கு 49 வயது. மாதவிலக்கு நின்று 14 மாதம் ஆகிறது. "நின்னுட்டுல்லா, இனி நிம்மதிதான்" என்றாள் மதினி. அந்த நிம்மதி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு போட்டுக்கொண்டிருப்பேன். நெஞ்சிலிருந்து குப்பென்று ஒரு சூடு கிளம்பி, கழுத்து, காது, உச்சந்தலை வரை ஏறும். இரண்டு மூன்று நிமிடம்தான், அதற்குள் ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொள்ளும். போர்டைப் பார்த்தபடியே நின்றுவிடுவேன். ஒரு நாளைக்கு ஒன்பது பத்துத் தடவை. ராத்திரி இரண்டரை மணிக்கு நனைந்து எழுந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. மார்கழியிலும் ஃபேன் ஐந்தில் ஓடியதால் வீட்டுக்காரர் போர்வையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

மூன்று டாக்டரைப் பார்த்தாச்சு. முதல் ஆள், "வயசானா இப்படித்தான்மா, உங்க அம்மாவெல்லாம் மாத்திரையா போட்டாங்க?" என்றார். இரண்டாமவர் ஸ்கேனில் சின்னக் கட்டி ஒன்றைப் பார்த்து, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார். கர்ப்பப்பையை எடுத்தால் வேர்வை எப்படி நிற்கும் என்று கேட்டேன். அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டுவிட்டார். மூன்றாமவர் பிரஷர்கூடப் பார்க்காமல் ஹார்மோன் மாத்திரை எழுதித் தந்தார். அந்தப் பட்டை பிரிக்காமல் பீரோவில் கிடக்கிறது.

பயம் இதுதான்: பெரியம்மாவுக்கு 62 வயதில் மார்பில் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் என்றாலே கேன்சர் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்கிறார்கள். எனக்கு பிரஷருக்கு அம்லோடிபின் 5 ஓடுகிறது. எடுக்கலாமா? இதைப் பற்றிப் பேசத் தெரிந்த டாக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது?

வார்டுசிஸ்டர், மதுரை

டீச்சர், 31 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஸ்டாஃப் ரூம் பயம் 2002 ஜூலையில் ஆரம்பித்தது. அமெரிக்காவில் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். அப்புறம் எங்கள் டாக்டர்கள் ஹார்மோன் எழுதுவதையே விட்டுவிட்டார்கள். ஆனால் அதில் இருந்த 16,608 பெண்களின் சராசரி வயது 63. கொடுத்தது சினைக்குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் (விலக்கு நின்றதும் உடம்பில் குறைந்துபோகும் பெண் ஹார்மோன்), ப்ரொஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப் போல வேலை செய்யும் செயற்கைப் ப்ரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை. இப்போது தோலில் தடவும் ஜெல், ஒட்டும் பேட்ச் எல்லாம் இருக்கின்றன. தோல் வழியாகப் போனால், மாத்திரையைப் போல ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுவதில்லை.

இனி உங்கள் பாடம். மார்புப் புற்று 26 சதவீதம் கூடியது என்று தலைப்புப் போட்டார்கள். கணக்கைப் பிரித்தால், மருந்து எடுக்காத 10,000 பேரில் ஆண்டுக்கு 30 பேர், எடுத்தவர்களில் 38 பேர். எட்டுப் பேர் கூடுதல். அந்த எட்டு ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன், வருடம் ஏற ஏற அதுவும் ஏறும். ஆனால் 60 வயதுக்குள், அல்லது விலக்கு நின்ற 10 வருடத்துக்குள் ஆரம்பிக்கும் பெரும்பாலான பெண்களுக்கு ஆபத்தைவிட நன்மைதான் அதிகம் என்பதே இன்றைய நிலை. எலும்புக்கும் நல்லது.

பெரியம்மா ஒருவருக்கு வந்தது என்பதால் மட்டும் கதவு மூடாது. குடும்பத்தில் வேறு யாருக்கும் வந்ததா, எந்த வயதில் வந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். உங்களுக்கே மார்புப் புற்று, மாரடைப்பு, பக்கவாதம், காலில் ரத்தக்கட்டி வந்திருந்தாலோ, ஈரல் நோய் இருந்தாலோ, காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தாலோதான் பொதுவாகக் கூடாது என்பார்கள். பிரஷர் கட்டுக்குள் இருந்தால் தடையில்லை. அம்லோடிபினும் சிலருக்கு முகத்தைச் சுட வைக்கும். எது முதலில் வந்தது, மாத்திரையா வேர்வையா என்று யோசித்துப் பாருங்கள். தைராய்டும் பார்க்க வேண்டும்.

டாக்டர் தெரிந்தவரா என்று பார்க்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "எனக்குக் கர்ப்பப்பை இருக்கு, ப்ரொஜெஸ்ட்ரோன் எப்படிக் கொடுப்பீங்க?" கர்ப்பப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுத்தால் உள்சுவர் தடித்து, புற்றுநோய் வரைகூடப் போகலாம். அதைத் தடுக்கத்தான் ப்ரொஜெஸ்ட்ரோன். பீரோவில் இருக்கும் பட்டையில் என்ன மருந்து என்று பாருங்கள்.

மோர்மிளகாய், சென்னை

எனக்கு 53. ஒன்றரை வருடமாக எஸ்ட்ராடயோல் (ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்) ஜெல், ராத்திரி 100 மில்லிகிராம் ப்ரொஜெஸ்ட்ரோன் கேப்ஸ்யூல். கேப்ஸ்யூல் கொஞ்சம் தூக்கம் வரவழைக்கும், அதனால் படுக்கும்போதுதான் போட வேண்டும். முதல் நாள் தெரியாமல் சாயங்காலம் போட்டுவிட்டு, மாவாட்டும்போதே தூங்கி விழுந்தேன்.

டாக்டரிடம் போகுமுன் இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள் அக்கா. எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள். "ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று சொன்னபோது என் டாக்டர் நிமிரவே இல்லை. நோட்டைக் காட்டியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

பசுமைவழி

இதெல்லாம் எதற்கு? தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் ஒரு மண்டலம் சாப்பிடுங்கள். ஓடிவிடும்.

வார்டுசிஸ்டர், மதுரை

ஐயா, உங்களுக்கு விலக்கு நின்று எத்தனை வருடமாச்சு?

டீச்சர், லேகியம் சாப்பிடுவதென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பிரஷர் மாத்திரை ஓடுகிறது.

இரண்டாம்சுற்று, கோவை

எனக்கு மார்புப் புற்று வந்து, அது திரும்ப வராமலிருக்க டமாக்ஸிஃபென் மாத்திரை ஓடுகிறது. அதனால் ஹார்மோன் கிடையாது. வேர்வைக்குப் புற்றுநோய் டாக்டர் வென்லாஃபாக்ஸின் குறைந்த அளவில் கொடுத்தார். மனச்சோர்வு மாத்திரையாச்சே என்று முகம் சுளித்தேன். மூன்று வாரத்தில் வேர்வை பாதியாகக் குறைந்தது. ஒரு எச்சரிக்கை: அதே வகையில் பராக்ஸெடின் என்று ஒன்று இருக்கிறது, அது டமாக்ஸிஃபெனின் வேலையைக் கெடுக்கும். எனவே யாரிடம் போனாலும் எல்லாச் சீட்டையும் கையோடு கொண்டு போங்கள்.

கணக்குடீச்சர், பாளையங்கோட்டை

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பரீட்சைத் தாள் திருத்தும் வேலை.

நாலாவதாக ஒரு பெண் டாக்டர். நோட்டோடு போனேன். சிஸ்டர் சொன்ன கேள்வியை நான் கேட்குமுன் அவரே அந்த விஷயத்துக்கு வந்துவிட்டார். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, மேமோகிராம் எல்லாம் பார்த்தார். ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சுவர் 3 மில்லிமீட்டர்தான், தடிப்பில்லை. கட்டியைப் பற்றிக் கேட்டேன். விலக்கு நின்ற பிறகு பொதுவாக அது சுருங்கும், உங்களைத் தொந்தரவு பண்ணவில்லையே, விடுங்கள் என்றார்.

பீரோப் பட்டையைக் காட்டினேன். ஈஸ்ட்ரோஜன் மட்டும்தானாம். வாங்கித் தன் மேசை டிராயரில் போட்டுக்கொண்டார்.

ஜெல்லும் கேப்ஸ்யூலும் ஆரம்பித்து ஆறு வாரம். ஒன்பது பத்து இப்போது இரண்டு. நாலாவது வாரம் இரண்டு நாள் லேசாகக் கறை பட்டது. பயந்து போன் செய்தேன். ஆரம்ப மாதங்களில் வரலாம், தேதியைக் குறித்து வையுங்கள், நிற்காவிட்டாலும் பிறகு புதிதாக வந்தாலும் உடனே ஸ்கேன் என்றார். மூன்றாவது மாதம் மறுபடி போக வேண்டும்.

மோர்மிளகாய், ஒரு சந்தேகம். ஜெல் காய எவ்வளவு நேரம் விடுகிறீர்கள்? ஏழே முக்காலுக்குப் பஸ்.

மோர்மிளகாய், சென்னை

ஐந்து நிமிடம் அக்கா. தொடையில் தடவிவிட்டு இட்லி ஊற்றப் போய்விடுவேன். தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள். பேரப்பிள்ளை யாராவது மடியில் ஏறினால் அந்த இடம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.