பூனைக்குக் கயிறு போட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப் போகலாமா?

மாடிவீட்டுக்காரி, கே.கே.நகர், மதுரை:
எங்கள் வீட்டில் இரண்டு வயது நாட்டுப் பூனை, பெண். கருத்தடை ஆகிவிட்டது. மூன்றாம் மாடி என்பதால் வெளியே விடுவதில்லை. நாள் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்து அணிலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறாள். ஹார்னஸ் (கயிறு கோக்கிற உடல்பட்டை) மாட்டி வீட்டுக்குள் நடக்கப் பழக்கிவிட்டேன். சாயங்காலம் ராஜாஜி பூங்காவுக்கோ வண்டியூர் கண்மாய்ப் பக்கமோ கூட்டிப் போக ஆசை. ஆபத்து இருக்குமா?

தெப்பக்குளத்தான்:
வேண்டாங்க. பயந்த நாய் வளர்த்தவர் காலடிக்கு ஓடிவரும். பயந்த பூனை உயரத்தைத் தேடும், இல்லையென்றால் பின்னால் நகரும். அப்போது கயிறு இறுகினால் முன்னங்காலை ஒடுக்கிக்கொண்டு தலைவழியாக ஹார்னஸைக் கழற்றிவிட்டு ஓடிவிடும். கயிறோடு மரம் ஏறினால் இன்னும் மோசம், கிளையில் சிக்கித் தொங்கும். அதிலும் ராஜாஜி பூங்கா குழந்தைகள் பூங்கா. ஞாயிற்றுக்கிழமைக் கூச்சலுக்கு மனுஷனே எழுந்து போய்விடுவான், பூனை தாங்குமா?

ஒத்தக்கடை அக்கா:
தம்பி, நம்ம ஊரில் எத்தனையோ வீட்டுப் பூனைகள் கயிறே இல்லாமல் தெருவில் திரிகின்றன. பைக்கில் அடிபடுகின்றன, நாயிடம் மாட்டுகின்றன. அதை யாரும் ஆபத்து என்று பேசுவதில்லை. ஒருத்தி கயிறு பிடித்து நடந்தால் மட்டும் ஊரே அறிவுரை சொல்ல வந்துவிடுகிறது. அடைத்தே வைத்தால் பூனை கொழுக்கும், சலிப்பில் சோபாவைக் கிழிக்கும். என் பூனை கயிற்றில்தான் வெளியே வருகிறது. கழுத்துப் பட்டையில் மட்டும் கயிறு கட்டாதீர்கள், இழுத்தால் மூச்சுக்குழாயை அழுத்தும். மார்பையும் முதுகையும் மூடுகிற சட்டை மாதிரி ஹார்னஸ் போடுங்கள். இரண்டு விரல் நுழைகிற இறுக்கம் போதும்.

தெப்பக்குளத்தான்:
தெருவில் விடுவது சரி என்று நான் சொல்லவே இல்லையே அக்கா. நேரத்தை யோசித்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் பகல் பதினோரு மணிக்குத் தார் ரோட்டில் பூனை கால் வைக்க முடியுமா? அதுக்கு வியர்ப்பதே பாதத்தில்தான். நாய் மாதிரி நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது பூனைக்கு இயல்பு இல்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலே நிலைமை கைமீறுகிறது என்று அர்த்தம். மிச்சம் இருப்பது விடிகாலையும் இருட்டுகிற நேரமும்தான். தெருநாய்கள் கூட்டமாகச் சுற்றுவதும், வாக்கிங் கூட்டம் நிரம்புவதும் அதே நேரம்தானே!

ஒத்தக்கடை அக்கா:
நாய்களுக்குத்தான் கருத்தடை செய்து வெறிநோய் ஊசியும் போடுகிறார்களே.

தெப்பக்குளத்தான்:
ஊசி வெறிநோயைத் தடுக்கும், துரத்துவதைத் தடுக்காது. மத்திய அரசின் 2023 கருத்தடை விதிப்படி, தெருநாயைப் பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். அந்தப் பூங்கா அதுங்க ஏரியா. புதுசாக ஒரு பூனை வந்தால் விடுமா?

ஊசிமருந்து, சிம்மக்கல்:
இடையில் வருகிறேன், கால்நடை மருந்துக் கடையில் வேலை. வெளியே போகிறதோ இல்லையோ, பூனைக்கு முக்கூட்டுத் தடுப்பூசியும் (மூன்று வைரஸ் நோய்களுக்கு ஒரே ஊசி) வெறிநோய் ஊசியும் போட்டிருக்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்றான பான்லூக்கோபீனியா பூனையைக் கொல்லும் நோய், அதன் கிருமி வெளியில் ஒரு வருடம் வரைகூடத் தாக்குப்பிடிக்கும், நம் செருப்போடு மூன்றாம் மாடிக்கும் வந்துவிடும்.

வெளியே போனால் உண்ணி ஏறும். நாய்க்கு வாங்கிய உண்ணிச் சொட்டையே பூனைக்கும் விடலாமா என்று கடையில் அடிக்கடி கேட்கிறார்கள். அதில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி இருந்தால் ஒரு சொட்டுகூடக் கூடாது. நாய்க்கு மருந்து, பூனைக்கு விஷம், வலிப்பு வந்து செத்துப்போகும். அரளிச் செடிப் பக்கமும் விடாதீர்கள்.

அப்புறம், நாய் வந்ததும் பூனையை வாரி நெஞ்சில் அணைக்கத்தான் எல்லாருக்கும் கை போகும். அந்தப் பதற்றத்தில் அது உங்களையே கிழித்துவிடும். ஜிப் போட்ட பை ஒன்று தோளில் இருக்கட்டும், அதற்குள் பாய்ந்து ஒளியப் பழக்குங்கள். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசிக்குக் காசு கிடையாது.

மாடிவீட்டுக்காரி:
பை இருக்கிறது, அதில்தான் டாக்டரிடம் கொண்டுபோகிறேன். பையைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், அதுதான் சிக்கல். அப்போ மொட்டை மாடியில் கயிறு போட்டு விடட்டுமா?

ஒத்தக்கடை அக்கா:
ஐயையோ! புறாவைப் பார்த்துக் கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் கயிறு உங்கள் கையில் இருக்கும், பூனை வெளிப்பக்கம் தொங்கும். வலை அடிக்காமல் மாடியே வேண்டாம். அதுக்கு ஆள் இல்லாத பூங்கா மூலையே மேல்.

தெப்பக்குளத்தான்:
மாடி விஷயத்தில் அக்கா சொல்வது சரி. ஆனால் மதுரையில் ஆள் இல்லாத பூங்கா மூலை எங்கே இருக்கிறது என்று எனக்கும் சொல்லுங்கள், நானே போய் உட்காருகிறேன்.

மாடிவீட்டுக்காரி:
வீட்டு ஓனரிடம் மாடிக்கு வலை அடிக்கக் கேட்டேன். புறாவுக்கு என்று நினைத்து உடனே சரி சொல்லிவிட்டார். நானும் திருத்தவில்லை.

ஊசிமருந்து, சிம்மக்கல்:
புறா வலை நைலான், பூனை கடித்து ஓட்டை போட்டுவிடும். கம்பி வலையாகக் கேளுங்கள்.