புதுப்பிப்பு: ரிமோட்டில் பறக்கும் முதல் ஆர்சி விமானம் வாங்கியாயிற்று, கிருஷ்ணகிரியில் பறக்கிறது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முதல் விமானமாகப் போர் விமான மாடலா, மேல் இறக்கை டிரெய்னரா (பழகுவதற்கான மாடல்) என்று கேட்டிருந்தேன். பெரும்பாலோர் சொன்னபடி டிரெய்னரே வாங்கினேன். ஃபோம் உடல், நான்கு சேனல் (ரிமோட்டில் நான்கு தனித்தனிக் கட்டுப்பாடு), 3 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. இறக்கை உடலுக்கு மேலே, நுனிகள் சற்றே தூக்கலாக இருப்பதால், லேசாகச் சாய்ந்தாலும் ஸ்டிக்கை விட்டதும் தானாக நேராகிறது. பழகுகிறவருக்கு இது பெரிய தைரியம்.

ரொம்பக் கைகொடுத்தது, சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள் என்று ஒருவர் சொன்ன யோசனை. எங்கள் பக்கம் திறந்தவெளி என்றால் கேழ்வரகு அறுத்த காடுதான். அறுத்த பயிரின் அடிக்கட்டையில் சக்கரம் சிக்கினால் மூக்கு குத்தி புரொப்பெல்லர் போய்விடும். இப்போது காற்றுக்கு எதிராகக் கையால் வீசி ஏற்றுகிறேன், இறங்கும்போது மோட்டாரை நிறுத்தி வயிற்றில் வழுக்கவிடுகிறேன். அடியில் ஒட்டிய டேப்தான் கீறுகிறது, ஃபோமுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எதிர்பாராதது பருந்து. விமானம் உயரம் போனதும் கூடவே வட்டமிடுகிறது. கண்ணில் பட்டால் உடனே இறக்கிவிடுகிறேன், பறவைக்கு அடிபடக் கூடாது.

அப்புறம் பேட்டரி. காற்று பலமாகிப் பறக்காமல் திரும்பினால் முழு சார்ஜில் வைக்காதீர்கள். செல்லுக்கு 4.2 வோல்ட்டிலிருந்து 3.8 அளவுக்கு இறக்கி, நிழலில் வையுங்கள். நம் வெயிலில் சீக்கிரம் உப்பிவிடும்.

ஓசூர்க்காரர்கள், அங்கே விமான ஓடுதளம் இருப்பதால், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டே இடம் தேர்ந்தெடுங்கள்.